முதற் பறப்பும் முன்னெச்சரிக்கையும்



கல்லூரி விழாக்களில் மாணவர்கள் தாமே செய்த மாதிரி விமானங்களை வானொலி அலைகளால் இயக்கிப் பறக்கவிடும் காட்சி பேருவகை தருவதாகும். ஆயினும், முந்திய நாள் இரவு ஒட்டி முடித்த விமானத்தை, ஒருமுறையேனும் பறக்கவிட்டுப் பாராமல், மக்கள் திரளின் முன்னே முதன்முதலாக வானில் விடுவது தகுமா? தகாது என்பதே நம் கருத்து. பொம்மைதானே என்று எண்ணுதல் கூடாது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பொருள், சுழலும் புரொப்பெல்லரோடு ஒரு குழந்தையின்மேல் விழுமாயின் விளையும் தீங்கினைச் சொல்லவும் வேண்டுமோ?

பெரிய கலங்களைச் செய்தோர் இதில் நமக்கு வழிகாட்டுகின்றனர். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.3 ஏவுகலம் முதன்முறையாகப் புறப்பட இருந்தது. கணிப்பொறி 'நிறுத்துக' என்றது. காணப்பட்ட கசிவு சிறிதே எனக் கருதி, அதனை மீறி ஏவினர். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்த கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் அவர்கள்.

அவரே 1982இல் ஐதராபாத்துக் காஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் பொறுப்பினை ஏற்றார். அவர் தலைமையில் உருவான அக்கினி ஏவுகணை, 1989 ஏப்ரல் 20ஆம் நாள் ஒரிசாவின் சாந்திப்பூரிலிருந்து பாய்வதாக இருந்தது. புறப்பட 14 விநாடியே இருக்கையில் கணிப்பொறி தடை சொல்லிற்று. அன்றைய முயற்சி கைவிடப்பட்டது. மே 1ஆம் நாள் 10 விநாடி இருக்கையில் மீண்டும் தடை, மீண்டும் நிறுத்தினர். செய்தித்தாள்கள் கேலிச் சித்திரம் வரைந்தன. அவர்களோ நகைப்புக்கு அஞ்சாமல் குறைகளைக் களைந்தனர். மே 22ஆம் நாள் அக்கினி செவ்வனே பறந்தது.

மாதிரி விமானத்திற்கும் நெறி இதுவே. முன்னரே பறந்து தேறாத விமானத்தை விழாக்களில் பறக்கவிடலாகாது என்று அமெரிக்க மாதிரி விமானக் கழகத்தார் தம் பாதுகாப்பு விதிகளில் எழுதி வைத்தனர். ஆகவே முதற் பறப்பு, ஆளரவமற்ற திறந்த வெளியில், பழகிய ஒருவரின் துணையோடு நிகழ்தல் வேண்டும். அதற்கு முன் எடையின் நடுவிடம் சரியாக உள்ளதா, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகள் கைக்கருவியின் ஏவலுக்கேற்பத் திரும்புகின்றனவா, பாட்டரி நிறைந்துள்ளதா, தொலைவு சென்றாலும் அலை எட்டுகிறதா, அலை அற்றுப்போனால் மோட்டார் தானே நிற்கிறதா என்றெல்லாம் தரையிலேயே சோதித்தல் வேண்டும். விழா நாளிலோ, பார்ப்போர் யாவரும் இயக்குபவருக்குப் பின்னே நிற்க, விமானம் முன்புற வெளியில் மட்டுமே பறத்தல் நன்று.

இவை யாவினும் அரியது ஒன்றுண்டு. விருந்தினர் வந்து அமர்ந்துவிட்டார். கூட்டம் கை தட்டுகிறது. அவ்வேளையில் கருவி ஐயம் காட்டினால், 'இன்று பறவாது' என்று சொல்லும் துணிவே அது. வெளிமாநிலங்களில் வாழும் நம் இளைஞர்கள் தத்தம் கல்லூரி மைதானங்களில் அத்துணிவைக் கைக்கொள்வார்களாக. பறவாத விமானத்தை மறுநாள் பறக்கவிடலாம். போன கண்ணை மீட்க இயலாது.