ஒளி வளைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது

நிலவில்லாத இரவில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வெண்புகைபோல் நீண்டு தெரியும் பால்வழி, கோடானுகோடி விண்மீன்கள் கூடிய ஒரு விண்மீன் மண்டலம். கண்ணில் படும் இந்த விண்மீன்களும் வாயுவும் பேரண்டத்துப் பருப்பொருளில் ஆறில் ஒரு பங்குதான். எஞ்சிய ஐந்து பங்கும் ஒளியை உமிழாமலும் மறைக்காமலும் ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பை உணர்த்தும் கரும்பொருள் ஆகும். முதலில் அது திரண்டு, பின்னர் வாயுவைத் தன்பால் இழுத்ததனாலேயே மண்டலங்கள் உருவாயின என்பது அறிவியலார் கருத்து.

காணாத பொருளை அளப்பது எப்படி? கோயம்புத்தூரில் பிறந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் பிரியம்வதா நடராஜனின் ஆய்வு இதைப் பற்றியது. தெளிந்த குளத்தில் மூழ்கிய படிக்கட்டு, நீர் ஒளியை வளைப்பதால், சற்று மேலெழுந்து தெரிவதுபோல், தொலைதூர மண்டலங்களின் ஒளியும் இடைவழியில் கரும்பொருளின் ஈர்ப்பால் வளைந்து, வில்லாக நீண்ட பிம்பங்களாக வந்து சேர்கிறது. ஈர்ப்பு வில்லை எனப்படும் இவ்விளைவில், ஒளி எவ்வளவு வளைகிறதோ அதைக் கொண்டே கரும்பொருள் எங்கே, எவ்வளவு உள்ளது என அவர் வரைபடம் வரைகிறார். ஒளியின் வளைவே சான்று.

2020இல் அவர் பங்கேற்ற குழு, ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்து, மண்டலக் கொத்துகளிலுள்ள சிறு கரும்பொருள் திரள்கள் கணினி மாதிரிகள் சொன்னதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வலுவாக ஒளியை வளைப்பதாக அறிவித்தது. கணக்கு பொருந்தாத இந்த இடமே இத்துறையில் மிகச் சுவையானது. பிழை கணினி மாதிரியிலா, கரும்பொருளைப் பற்றிய புரிதலிலா என்ற விவாதத்தை அது தொடங்கி வைத்தது.