குதிரை ரத்தமும் ஒரு கண்ணாடிக் குழாயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "குதிரைக்கு ரத்தம் உறையுதா இல்லையான்னு களத்திலேயே பார்க்கிற சோதனைகளைப் பற்றிப் பேசுங்க" என்றார். "ஏன்ப்பா என்னைக் கூப்பிடுறே?" என்றேன். "அதுல நீங்கதான் நல்லா அடிபட்டவர்" என்றார். உண்மைதான். அந்த அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

1995ஆம் ஆண்டு. கொங்குப் பக்கம் ஒரு மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருந்தேன். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஆசை ஆசையாக வாங்கிய பெண் குதிரை. ஒருநாள் காலை அதன் மூக்கும் உதடும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன. பாம்பை யாரும் பார்க்கவில்லை. வைக்கோல் போர் பக்கத்தில் கட்டியிருந்ததால் விரியன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

முதல் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். குதிரை வாயால் மூச்சுவிட முடியாத பிராணி. மூக்கு அடைத்தால் உயிர் போய்விடும். எனவே இரண்டு சிரிஞ்சுகளின் முனையை வெட்டி, மழுக்கி, மூக்குத் துவாரத்தில் செருகித் தைத்துவிட்டேன். பிறகு கழுத்துச் சிரையில் ரத்தம் எடுத்து, கையிலிருந்த பழைய பென்சிலின் புட்டியில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால், மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்பு. உறையவே இல்லை!

"ஏனுங்க டாக்டருங்க, பொளச்சுக்குமுங்களா?" என்று அவர் கேட்டார். விஷமுறி மருந்து போட்டால் பிழைக்கும் என்றேன். வீட்டுக்காரம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. டவுனிலிருந்து பத்துக் குப்பி வந்தது. பத்தையும் ஏற்றினேன். மறுநாள் வீக்கம் வடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் ஆசிரியருக்குப் பெருமையோடு போன் செய்தேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "புட்டியை எதுல கழுவினே? பக்கத்துல இருந்த நல்ல குதிரைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தியா?"

புட்டியைச் சோப்புத் தூளில் கழுவியிருந்தார்கள். நல்ல குதிரையை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் அதே மாதிரிப் புட்டியில், எந்த நோயும் இல்லாத ஒரு வண்டிக் குதிரையின் ரத்தத்தை விட்டேன். இருபது நிமிடத்தில் மேலே மஞ்சள், கீழே சிவப்பு. புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டேன். அல்வா மாதிரி உறைந்தது. அந்தப் பெண் குதிரையைக் கொட்டியது கதண்டாகக்கூட இருந்திருக்கலாம். சங்கிலி மீட்கப்பட்டதா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

மாணவர்களே, அன்று நடந்தது என்ன என்று பாருங்கள். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடிப் பரப்பின் தூண்டுதல் வேண்டும். சோப்புப் படிந்தால் அந்தத் தூண்டுதல் கெட்டுவிடும். பிளாஸ்டிக் குழாயும் இதற்கு உதவாது. இரண்டாவது, குதிரையின் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு மளமளவென்று கீழே இறங்கிவிடும். ஆரோக்கியமான குதிரையிலேயே, உறைவதற்கு முன் மேலே மஞ்சள் அடுக்குத் தெரியும். மாட்டையும் நாயையும் பார்த்துப் பழகிய கண் இதில் ஏமாந்துவிடும். மூன்றாவது, குதிரை ரத்தம் உறைய இயல்பாகவே தாமதமாகும். நல்ல குதிரைக்கே பதினைந்து நிமிடம் வரை ஆகலாம். மனிதருக்கு வகுத்த இருபது நிமிடக் கணக்கு குதிரைக்கு விளிம்பில்தான் நிற்கிறது.

ஆகவே என் முறையைச் சொல்கிறேன். புதிய, உலர்ந்த, கழுவாத கண்ணாடிக் குழாய்கள் நான்கு. நோயுற்ற குதிரைக்கு இரண்டு, நல்ல குதிரைக்கு இரண்டு. குழாய்க்கு 2 மி.லி. ஊசி ஒரே குத்தில் சிரைக்குள் போக வேண்டும். முதலில் வரும் கொஞ்சம் ரத்தத்தைக் கொட்டிவிடுங்கள். குழாயை ஆட்டாமல் இருபது நிமிடம் நிறுத்தி, ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் மட்டக்குதிரைகளைப் பார்ப்பவர்கள் குழாயைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் உறைவது தாமதமாகும். நல்ல குதிரையின் ரத்தமும் உறையவில்லை என்றால் குற்றம் குழாயில். நோயுற்றதன் ரத்தம் மட்டும் உறையவில்லை என்றால் அது நிஜம்.

கண்ணாடி விரியன் விஷம் உறைவுக் காரணிகளில் பத்தாவதையும் ஐந்தாவதையும் தூண்டிவிட்டு, உடம்பிலுள்ள ஃபைப்ரினோஜன் சரக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பிறகு உறைய ஒன்றும் இருக்காது. ஆனால் நல்லபாம்பு, கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காக உறையும். குழாய் உறைந்துவிட்டது என்பதற்காகப் பாம்பு கடிக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஒரு துளி ரத்தம் விட்டால் சில நிமிடத்தில் எண் காட்டும். புரோத்ராம்பின் நேரம் பார்ப்பவை, தூண்டப்பட்ட உறைவு நேரம் பார்ப்பவை எனப் பலவகை. நல்ல விஷயம்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மனிதருக்கோ நாய்க்கோ அளவு குறிக்கப்பட்டவை. அட்டையில் அச்சிட்ட "இயல்பு" குதிரையின் இயல்பு அல்ல. ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. சோதனைப் பட்டைகள் வெயிலில் கெடும். சித்திரை மாதத்தில் ஜீப்பின் முன்பெட்டியில் வைத்த பட்டை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், பொய்தான் சொல்லும். சிட்ரேட் குழாயில் எடுத்தால் ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் ரத்தம் மெதுவாக உறைவதாகக் காட்டும்.

எலி மருந்து தின்ற குதிரைக்குப் புரோத்ராம்பின் நேரம்தான் முதலில் நீளும். ஏழாவது காரணியின் ஆயுள் குறைவு, அதுதான் முதலில் தீரும். இதே வார்ஃபரினை இங்கிலாந்தில் 1979 முதல் குதிரையின் குளம்பு நோய் ஒன்றுக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இந்த நேரத்தை அளந்து அளந்துதான் அளவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கூடவே வலிக்கு ஃபினைல்பியூட்டசோன் கொடுத்துவிட்டால் ரத்தக் கசிவு வரும். இதிலிருந்து ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று மருந்து வைட்டமின் கே1. கே3 ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், சிறுநீரகம் பழுதாகிவிடும். அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்!

பந்தயம் ஓடி முடித்த குதிரையின் மூக்கில் ரத்தம் வந்தால், உடனே வைட்டமின் கே ஊசி கேட்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் உறைவுக் கோளாறு இல்லை. ஓட்டத்தின்போது நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் தாங்காமல் கிழிவதால் வருவது. வயிற்றுவலிக் குதிரையிலோ இதற்கு நேர்மாறு. ரத்தம் கூடுதலாக உறைந்து கழுத்துச் சிரையே அடைத்துக்கொள்ளும். உறைய எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கும் சோதனை அதை முன்கூட்டிச் சொல்லாது.

நண்பர்களே, கருவியை இன்று யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். பக்கத்தில் ஒரு நல்ல குதிரையை நிறுத்தி அதற்கும் அதே சோதனையைச் செய்யும் பொறுமையைக் கடையில் வாங்க முடியாது. அது இல்லாததால் ஒரு வீட்டுச் சங்கிலி போயிற்று. நாளைக்குக் களத்துக்குப் போகும் தம்பி தங்கைகள், பையில் நான்கு புதுக் கண்ணாடிக் குழாய்களோடு போங்கள். நாம் சொல்லும் சொல்லை நம்பித்தான் ஒரு குடும்பம் நகையைக் கழற்றுகிறது.