வலி சோம்பேறித்தனம் அல்ல
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தையும் போனஸையும் பற்றியே பேசிப் பழகிய இந்த மேடையில், இன்றைக்கு இடுப்பு வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது இங்கிருந்தே தெரிகிறது.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. நம் தோழியர் ஒருவர், பேர் வேண்டாம், இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இடுப்பில் தொடங்கி காலுக்கு இறங்கும் வலி. விடுப்பு எடுத்தால் கைக்காசு குறையும், மண்டோர் முகம் சுளிப்பார் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் காகிதத்தில் மடித்த மாத்திரை வாங்கி விழுங்கினார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. முகம் பூரித்துக் கன்னம் உப்பியது. "உடம்பு தேறிவிட்டதே அக்கா" என்று நாமெல்லாரும் சொன்னோம். சொன்னதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் வியாபாரி வரவில்லை, மாத்திரை தீர்ந்துபோனது. நான்காம் நாள் விடியற்காலை, பிரட்டுக் களத்திலேயே மயங்கி விழுந்தார். மீதியிருந்த பொட்டலத்தை மகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார்கள். கன்னம் உப்பியது தேக சுகத்தினால் அல்ல, அந்த மருந்தினால்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். நம் நாட்டில் பதிவான மருந்தின் எண் 'மால்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். இப்போதே அப்படி ஏதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இருந்தால், எங்கள் பேச்சைக் கேட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதில்தான் ஆபத்து. பொட்டலத்தோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

நம் வேலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பட்டை தாழ்வாக இருந்தால் குனிந்து வெட்டுகிறோம். மேல் பட்டையென்றால் கழுத்தை அண்ணாந்து கையை உயர்த்தி வெட்டுகிறோம். ஒரு மரமா, இரண்டு மரமா? ஒரு காலையில் சில நூறு மரங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே குனிவு, அதே மணிக்கட்டுச் சுழற்சி. பிறகு மேடு பள்ளத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடை. இடுப்பு, தோள்பட்டை, முழங்கால், மணிக்கட்டு நான்கும் கெடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிராணிமார்களும் தப்பவில்லை. கணினி முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்து, இரவில் விரல் மரத்து எழுந்து கையை உதறுகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அது மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்ட நோயாக இருக்கலாம். வீடு திரும்பிய பிறகும் அடுப்பும் துணியும் காத்திருக்கிற தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பு.

வலி இரண்டு வகை. இன்றைக்கு வழுக்கி விழுந்தோம், வலிக்கிறது, ஆறினால் போய்விடும். அது காவலாளி. மூன்று மாதம் தாண்டியும் நிற்கிற வலி வேறு. வேலைக்கு எழுப்பும் மணி, ஆளெல்லாம் காட்டுக்குப் போன பிறகும் நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் கோளாறு மணியில்தானே? அதுபோல, புண் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் வலியை அடித்துக்கொண்டேயிருப்பது உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆகவே உனக்கு வலியில்லை' என்று எவர் சொன்னாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படத்தில் தெரிவதும் முழு உண்மையல்ல. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கியிருந்தது! ஆகவே படத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம், உடனே கத்தி வைக்கச் சம்மதிக்கவும் வேண்டாம்.

வலிக்கென்றே தனி வைத்தியம் வளர்ந்த கதையில் ஒரு உழைப்பாளி இருக்கிறார். ஜான் போனிக்கா, 1917இல் இத்தாலியில் ஒரு சிறு தீவில் பிறந்து, பிள்ளையாக அமெரிக்கா போனவர். சப்பாத்துத் துடைத்தார், பத்திரிகை விற்றார், மல்யுத்தம் ஆடிக் காசு சேர்த்து டாக்டருக்குப் படித்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களை ராணுவ ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, ஒரே டாக்டரால் இந்த வலியைத் தீர்க்க முடியாது, பல துறையினரும் கூடிப் பார்க்க வேண்டும் என்று கண்டார். 1953இல் பெரிய நூலாக எழுதினார். மல்யுத்தம் தந்த வலி அவரையும் கடைசிவரை விடவில்லை. வலி தெரிந்தவர் எழுதியது!

இன்றைக்கு நம் அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வலி கிளினிக் உண்டு. செலாயாங் ஆஸ்பத்திரியின் கிளினிக் பேர் பெற்றது. அங்கே பார்ப்பவர்கள் பெரும்பாலும் மயக்க மருந்து நிபுணர்களாயிருந்து, வலிக்கென்று மேற்படிப்புப் படித்தவர்கள். நேரே போய் நிற்க முடியாது. முதலில் அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, கடிதம் கேட்டு வாங்க வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? மருந்து உண்டு. நாம் கடையில் வாங்கி வாயில் போடும் வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள் நாள்பட்டால் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து. நரம்பு வலி வேறு சாதி. சர்க்கரையால் பாதம் எரிவது, அக்கி ஆறிய இடம் மாதக்கணக்கில் சுடுவது எல்லாம் அதில் சேரும். அதற்கு வேறு மருந்து. அவற்றுள் அமிட்ரிப்டிலின் என்பது மனச்சோர்வுக்காக வந்த மருந்து. குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வலி தணிகிறது. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று அதைக் குப்பையில் போட்டவர் நம் லயத்திலேயே உண்டு. போடாதீர்கள்.

ஊசியும் உண்டு. முதுகெலும்பின் ஓரத்தில் வீங்கிய நரம்பைச் சுற்றி மருந்து செலுத்துவது. சிறு மூட்டின் நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் சுட்டு மந்தப்படுத்துவது. இவை சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் ஒளிக்காமல் சொல்லுகிறோம்: முதல் வகை பெரும்பாலும் சில வாரமோ சில மாதமோதான் நிற்கும், சுட்ட நரம்பும் மறுபடி வளரும். 'ஒரே ஊசியில் ஆயுளுக்கும் குணம்' என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கிறவரிடம், கடன் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஊசி வலியைத் தணிக்கும் அந்தக் காலத்தில்தான் தசையைப் பலப்படுத்தும் தேகப்பயிற்சியைத் தொடங்க வேண்டும். படுத்தே கிடப்பது முதுகைத் தேற்றாது. அப்படித்தான் முன்பெல்லாம் சொன்னார்கள். இப்போது டாக்டர்களே மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

மனத்துக்கும் இதில் பங்குண்டு. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் ஏன் வலி குறைகிறது? தண்டுவடத்தில் ஒரு கதவு போல ஒன்று இருந்து வலிச் செய்தியைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் சொன்னார்கள். கவலையும் தூக்கமின்மையும் அந்தக் கதவைத் திறந்துவிடுகின்றன. அதனால்தான் செலாயாங்கில் 2000களின் தொடக்கத்தில் 'மெனாங்' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். மலாயில் வெற்றி என்று பொருள். பல காலம் வலியோடு இருந்தவர்களை இரண்டு வாரம் கூட்டிவைத்து, எப்படி நடப்பது, எவ்வளவு வேலைக்குப் பின் இளைப்பாறுவது, பயத்தை எப்படி அடக்குவது என்று கற்றுக்கொடுத்தார்கள். வலி முழுக்கப் போகாவிட்டாலும் வாழ்க்கை திரும்பியது என்பதே அதன் சாரம்.

சில அடையாளங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. முதுகு வலியோடு கால் பலமிழந்து தொய்ந்தால், மூத்திரம் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கங்காணி அனுமதிக்காக நிற்க வேண்டாம். சண்டை வந்தால் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இனி நம் சொந்த வேலை. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விபத்து மட்டுமல்ல, தொழிலால் வரும் நோயும் பெர்கேசோவில் கணக்கு. கையை ஒரே மாதிரி ஓயாமல் அசைக்கும் வேலையால் தசைநார் வீங்குவதும் அதில் சேரும். ஆனால் எழுத்தில் இல்லாத வலி அங்கே நிற்காது. 'வேலை செய்யும்போது வந்தது' என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லி அட்டையில் எழுத வைக்காதவர்கள் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு வருகிறார்கள். நாம் வழக்காட எதுவுமிருப்பதில்லை. பல்லைக் கடித்துப் பொறுத்தவர்தான் கடைசியில் வெறுங்கையோடு போகிறார். கத்தியை வைத்துவிட்டு அடுக்குமாடி வீட்டில் வலியோடு உட்கார்ந்திருக்கும் நம் பழைய தோழர்களும் எத்தனையோ பேர்.

அதனால் செயற்குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. கிளை அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எங்கே வலி, எப்போது தொடங்கியது, எந்த நிரையில், எந்தப் பட்டையில் வேலை, எந்த டாக்டர் பார்த்தார் என்று எழுதிவையுங்கள். எழுத வராதவர்களுக்கு இரண்டு கிராணித் தோழர்கள் ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் எழுதிக்கொடுப்பார்கள். கிளினிக் அட்டையையும், வீட்டிலிருக்கும் மாத்திரைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். மயங்கி விழுந்த அந்தத் தோழியர் பிழைத்து வந்துவிட்டார். முதல் பக்கத்தில் அவர்தான் எழுதியிருக்கிறார்.