பாதையும் பஸ்ஸும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுதியில் இருந்து படித்தவர்களைப் பற்றி மலர்களில் நிறைய எழுதியாயிற்று. இன்று தினமும் வந்துபோன எங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பஸ்பிள்ளைகள். எங்களில் பாதிப்பேர் படுவான்கரைப் பிள்ளைகள். அவர்களுக்கு பஸ்ஸுக்கு முன்னர் பாதை இருந்தது.

வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகள் ‘பாதை’ என்றால் ஒழுங்கை என்று நினைப்பார்கள். எங்கள் வாவிக்கரையில் பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. மண்முனைத்துறையில் ஒன்று, அம்பிளாந்துறையில் ஒன்று, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஒன்று. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை காலை விடியுமுன் எழுந்து துறைக்கு வந்தால், பாதை அக்கரையில் நிற்கும். இக்கரைக்கு அது வரும்வரை நிற்கவேண்டியதுதான். அது வந்து, நிறைந்து, கடந்து, ஆரையம்பதியில் பஸ் பிடித்து, காத்தான்குடி தாண்டிக் கல்லடிக்கு வருவதற்குள் பாடசாலை மணி அடித்துவிடும். மாரி தொடங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். வாடைக்காற்றில் குடை மறுபக்கம் திரும்பும். வெள்ளைச் சீருடையில் ஒருபக்கம் சேறு, மறுபக்கம் சைக்கிள் சங்கிலியின் கிறீஸ்.

பிந்தி வந்தவர்களை வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். “என்ன காரணம்?” என்று கேட்டால், “பாதை வரவில்லை, டீச்சர்.” ஒவ்வொரு நாளும் அதே காரணம். பொய் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஒருநாள் எங்கள் கணித ஆசிரியையே அக்கரைக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போய், திரும்பும்போது துறையில் நெடுநேரம் காத்திருந்தாராம். அடுத்த வாரத்திலிருந்து படுவான்கரைப் பிள்ளைகளை அவர் வரிசையில் நிறுத்தவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

கல்லடிப் பாலம் இன்னொரு கதை. ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனந்தான் போகலாம். எதிர்ப்பக்கத்து வரிசை முடியும்வரை பஸ்ஸுக்குள் அவிந்துகொண்டிருப்போம். முன் ஆசனம் மதகுருமாருக்கு, பின் ஆசனம் பெரியவர்களுக்கு, எங்களுக்குக் கம்பி. “உள்ளுக்குப் போ புள்ள, உள்ளுக்குப் போ!” என்று கொண்டக்டர் கத்துவார். உள்ளே எங்கே இடம்? மிகுதிக் காசு கேட்டால் “இறங்கும்போது தாறன்” என்பார். இறங்கும்போது பஸ் நிற்காமல் உருளும்.

கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுகிறவர்களும் இருந்தார்கள். அதை நாங்கள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். சட்டைப்பின் ஒன்றை விரலிடுக்கில் வைத்துக்கொள்ளும் வித்தையை மூத்த அக்காமார் சொல்லித்தந்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்துக்கு நன்றி, அக்காமாரே.

பிரச்சினைக் காலத்தில் சோதனைச் சாவடியில் இறங்கி, புத்தகப்பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏறவேண்டும். கொழும்புக்குப் பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ போனால் மன்னம்பிட்டியில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில். ரயில் வந்தால் பஸ் நிற்கும். 2007இல்தான் அங்கே வீதிக்கெனத் தனிப்பாலம் வந்தது. அந்த இரவுப் பயணங்களில் எங்கள் பெரிய கவலை பரீட்சையல்ல, மலசலகூடம். ஆண்கள் பற்றைப் பக்கம் இறங்கிப் போவார்கள். நாங்கள் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டோம்.

2013இல் கல்லடியில் புதிய பாலம், 2014இல் மண்முனையில் பாலம். இப்போது கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்குப் பாதை தெரியாது. சந்தோஷம். ஆனால் எங்கள் வகுப்பிலிருந்து சாதாரண தரத்துக்கு முன்னரே நின்றுபோனவர்களை எண்ணிப் பார்த்தோம். ஏழு பேர். ஏழு பேரும் அக்கரைப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. மாலை வகுப்பு முடிந்தால் கடைசிப் பாதை போய்விடும், அவ்வளவுதான் காரணம்.

அந்த ஏழு பேரும் சங்கத்தின் பதிவேட்டில் இல்லை. உயர்தரம்வரை படித்தவர்களுக்கே அழைப்பு அனுப்பப்பட்டிருக்கிறது. செயலாளரிடம் அவர்களுடைய பெயர்களை இன்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வகுப்பிலும் அப்படி நின்றுபோனவர்கள் இருந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வாசல் மேசையில் உள்ள கொப்பியில் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் வான் பிடித்து வீடு வீடாகப் போகவிருக்கிறோம். வழியில் மலசலகூடம் எங்கெங்கே உண்டு என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டோம்.