முதல்நூலும் வழிநூலும்: பாக், ரக்மானினோவ், இளையராஜா

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கலைஞன் தனக்கு முன் வாழ்ந்தவனிடமிருந்து பெறுவது கடனா, உரிமையா? எழுதப் புகுவோர் பலரை வருத்தும் வினா இது. ‘இன்னாருடைய சாயல்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே எழுதப்படாமற்போகும் கவிதைகள் உண்டு. இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கணம் விடை வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூல் பிறக்கும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்குகிறது. மொழிபெயர்ப்பும் நெறிப்பட யாக்கப்பெற வேண்டும் என்பது அதன் கட்டளை. பவணந்தியாரோ, வழிநூல் முதல்நூலின் பொருளோடு ஒத்துச் செல்லினும் பின்னோன் விரும்பும் வேறுபாடுகளைக் கூறலாம், மரபு மட்டும் அழிதல் கூடாது என்கிறார். நூலுக்கு உரைத்த இவ்விதி இசைக்கும் பொருந்துவதை ஓர் இசைப்பகுதியின் வரலாறு காட்டும்.

முதல்நூல்

செருமானிய இசைமேதை யோகான் செபாஸ்தியன் பாக், 1720ஆம் ஆண்டிட்ட தம் கையெழுத்துப் படியில் தனி வயலினுக்குரிய ஆறு படைப்புகளை எழுதிவைத்தார். அவற்றுள் இறுதியானதன் முகப்புப் பகுதி ‘பிரலூதியோ’. துணைக்கருவி எதுவுமின்றி, ஏறத்தாழ இடைவெளியே இல்லாமல் விரைந்தோடும் சுரவரிசை அது. சில இடங்களில் ஒரே சுரம் விடாது ஒலித்துக்கொண்டிருக்க, அதனைச் சுற்றி ஏனைய சுரங்கள் இறங்கியும் ஏறியும் இயங்கும். வில் ஒன்றே எனினும் செவிக்குக் குரல் இரண்டாகும். தம்பூராவின் சுருதியில் தோய்ந்த தமிழ்ச்செவிக்கு அந்நிலைச்சுரம் அயலாகத் தோன்றாது. பாக் தாமே இதற்கு வழிநூலும் செய்தார். 1731இல் லைப்சிக் நகர மன்றத்திற்காக இயற்றிய தேவாலய இசைப்பாடலின் தொடக்கத்தில், இப்பகுதியை ஆர்கனுக்கு மாற்றிப் பல கருவிகளின் துணையோடு ஒலிக்கச் செய்தார்.

விரித்தல்

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1933இல், உருசிய இசையமைப்பாளர் செர்கை ரக்மானினோவ் இதே பகுதியைப் பியானோவிற்கு அமைத்தார். வயலின் ஒற்றை வரியில் குறிப்பாக மட்டும் உணர்த்தியதைப் பியானோவின் இரு கைகளும் வெளிப்படச் சொல்கின்றன. மூலத்தின் ஓட்டம் குன்றாதிருக்க, அதனூடே புதிய உட்குரல்கள் எழுகின்றன. அவ்விசைவுகளில் ரக்மானினோவின் முத்திரையை ஐயமின்றிக் கேட்கலாம். சூத்திரத்தில் அடங்கிக் கிடக்கும் பொருளை உரையாசிரியர் விரித்துக் காட்டுவதற்கு ஒப்பானது இது. மரபியல் கூறும் விரித்தலுக்கு இதனினும் தெளிவான இசைச்சான்று அரிது.

பின்னோன் வேறுபாடு

மேற்கிசையை ஏற்று வழிநூல் செய்வது தென்னகத்திற்குப் புதிதன்று. 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் இசைத்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். மதுரையில் இசைப்பள்ளி நடத்திய அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’, அவர்தம் மாணவர் மதுரை மணி ஐயரின் குரலில் அரங்குதோறும் புகழ்பெற்றது.

இவ்வழியில் அடுத்து வருபவர், அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா. தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகப் பாடிப் பழகியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கிசை பயின்றவர். 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்கிற்கும் அவர் காணிக்கையாக்கினார். அதில் ஒரு பகுதியின் தலைப்பு, ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்’ எனப் பொருள்படும். அங்கே ஒலிப்பது அதே பிரலூதியோ.

தலைப்பே ஓர் இலக்கணம் எனலாம். சந்திப்பு நிகழ்வது பாக்கின் வீட்டிலன்று, இளையராஜாவின் வீட்டில். விருந்தினர் தம் சுரவரிசையோடு வருகிறார். வீட்டார் தம் இசைமொழியிலேயே அவரோடு உரையாடுகிறார். ரக்மானினோவ் மூலத்தினுள் மறைந்திருந்ததை விரித்தார். இளையராஜாவோ, பல குரல்கள் தத்தம் வழியே நடந்து ஒன்றாய்ச் சேரும் பாக்கின் முறையைக் கற்று, ஒருவழி நடக்கும் இராகத்திற்கு உடன்நடக்கும் தோழமையைத் தேடினார். வேறுபாடு உண்டு, மரபழிவு இல்லை.

கவிஞர்க்கு

காவடி சுமப்போர் பாடிய சிந்தினைச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் செழுமைப்படுத்தினார். அச்சிந்து மரபு பாரதியின் கையில் நாட்டுரிமைப் பாட்டாயிற்று. முன்னோன் வடிவத்தை வாங்கியதனால் பாரதி சிறுத்துவிடவில்லை. ஆகவே, சாயல் விழுமோ என்று அஞ்சி முன்னோரைப் படியாதிருப்பது தனித்தன்மைக்குக் காவலாகாது. முன்னோரை வீட்டிற்கு அழைக்கலாம். அழைப்பவனுக்கு வீடு ஒன்று இருக்க வேண்டும். மொழிப்பயிற்சியாலும் வாழ்வறிவாலும் அவ்வீட்டைக் கட்டிக்கொள்வதே வழிநூல் செய்வோன் கடமையாகும்.