வெட்டுக்கிளியும் சங்கத்தின் கடமையும்

(பூவிருந்தவல்லியில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



2020-ம் வருஷம் மே மாதத்தில் பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் படைபடையாய் இறங்கின. அச்சமயம் கிருஷ்ணகிரி ஜில்லா நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்க்கவே, ஜனங்கள் கலங்கினர். நிபுணர்கள் பரிசோதித்து, அவை உள்ளூர் ஜாதியே என்றனர்.

பாலைவன ஜாதி மிகக் கொடிது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் சுமார் 4 கோடி பூச்சிகள் இருக்கக்கூடும். அவை 35,000 பேர் உண்ணும் ஆகாரத்தை ஒரே நாளில் தின்றுவிடும். சிறகு முளைக்குமுன் குஞ்சுகளைப் பள்ளம் வெட்டித் தள்ளி மூடலாம். பறக்கத் தொடங்கியபின், அவை இராத்தங்கிய இடத்தில் விடியுமுன் மருந்து தெளிக்கவேண்டும். தகரம் தட்டி விரட்டினாலோ, அடுத்தவர் வயலில் இறங்கும்.

நம் நெல்வயலில் காணும் வெட்டுக்கிளி வேறு. அது வரப்பு மண்ணில் முட்டையிடும். கோடையில் வரப்பைச் செதுக்கினால் முட்டைகள் வெயிலில் காயும். பறவைகளும் கொத்தித் தின்னும். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் ஒருவர் செதுக்கி, பக்கத்து நிலத்தார் வாளாவிருந்தால் பயனில்லை.

ஆகையால், வதந்தியை நம்பிக் கடன்பட்டு மருந்து வாங்காதீர்கள். பூச்சி மிகுந்தால் நாலைந்தைப் புட்டியில் பிடித்து வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். மருந்து அவசியமென்று அவர் சொன்னால், சங்கத்தார் கூடி மொத்தமாய் வாங்கி, எல்லா வயலிலும் ஒரே நாளில் தெளியுங்கள். பூச்சிக்கு வரப்பு எல்லையல்ல. நம் முயற்சிக்கும் அது எல்லையாகலாகாது.