இருளும் தாளமும்



பழைய இசைத்தட்டொன்றைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஊசி ஓரிடத்திற் சிக்கிக்கொள்வதுண்டு. பாட்டின் ஒரு சிறு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வீட்டிலுள்ளோர் சிரிப்பர். யாரேனும் ஒருவர் எழுந்து சென்று ஊசியை மெல்லத் தூக்கி அப்பால் வைப்பார். பழுது நீங்கியதென்று எல்லோரும் மீண்டும் பாட்டில் ஈடுபடுவர். ஆனால், அந்தப் பழுதையே வேண்டுமென்று தட்டிற் பதித்து, ‘இதுவும் இசைதான், பொறுமையோடு கேளுங்கள்’ என்று ஒருவர் தந்தால் நாம் என்ன சொல்வோம்? அவ்வாறு தந்த ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

அவர் பெயர் ஜெப் மில்ஸ். அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே 1963ஆம் ஆண்டு பிறந்தவர். டெக்னோ எனப்படும் மின்னியல் இசையில், அதிலும் கடுமையும் இருண்மையும் மிகுந்த பிரிவில், வழிகாட்டிகளுள் ஒருவராக எண்ணப்படுபவர்.

இவ்விசையை முதன்முறை கேட்கும் பெரியோர் பலர், ‘இது இசையா, ஆலையின் இரைச்சலா?’ என்று வினவுவதுண்டு. அவ்வினா நேர்மையானது. இங்கே பாட்டில்லை; சொல்லில்லை; மனம் பற்றிக்கொள்ள நீண்ட இசைவரியும் இல்லை. நிமிடத்துக்கு 130, 140 என்னும் வேகத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கின்றது. அவ்வினாவை ஒதுக்கிவிடாமல் கையிற் கொண்டே இவருடைய வாழ்வையும் கலையையும் நோக்குவோம்.

முதலில் அவர் பிறந்த நகரைப் பார்க்கவேண்டும். டெற்றோயிற் மோட்டார் வண்டிகளின் நகரம். ஹென்றி போர்ட் 1913ஆம் ஆண்டு நகரும் தொடர்வரிசை முறையைத் தம் தொழிற்சாலையிற் புகுத்தியது அந்நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க் என்னுமிடத்திலேயே. தொழிலாளி நிற்க, வண்டி அவன்முன் நகர்ந்து செல்லும். அவன் ஒரே செயலை நாள்முழுதும் செய்வான். 1950இல் அந்நகரில் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 1967இல் பெருங் கலவரம் மூண்டது. தொழிற்சாலைகள் இடம் பெயர்ந்தன, மக்களும் பெயர்ந்தனர். 1990இல் எஞ்சியோர் ஏறக்குறைய 10 இலட்சம் பேரே. நகரின் பெருமையாயிருந்த மோட்டவுண் இசைத்தட்டு நிறுவனமும் 1972இல் லொஸ் ஏஞ்சலிசுக்குச் சென்றுவிட்டது. வெறிச்சோடிய கட்டடங்களுக்கிடையே வளர்ந்த கறுப்பின இளைஞர் சிலர், மலிவாகக் கிடைத்த மின்னியற் கருவிகளைக் கொண்டு புதியதோர் இசையை ஆக்கினர். ஹுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய மூவரும் அதன் தொடக்கத்தில் நின்றவர்கள். 1988இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு தொகுப்பினால் ‘டெக்னோ’ என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. பின்னர் ஐரோப்பாவில் இவ்விசை செழித்தபோது, இது கறுப்பின மக்கள் பெற்றெடுத்த குழந்தை என்பதைப் பலர் மறந்தனர். இம்மறதியும் நம் கதையின் ஒரு பகுதியாகும்.

ஜெப் மில்ஸின் முதல் மேடை எதுவென்று அறிந்தால் வானொலி நேயர்களாகிய நீங்கள் மகிழ்வீர்கள். அது வானொலியே. 1980களில், டபிள்யூ.டி.ஆர்.கியூ., டபிள்யூ.ஜே.எல்.பி. என்னும் டெற்றோயிற் நிலையங்களில் அவர் இசைத்தட்டுகளை இயக்கினார். தம் பெயரைச் சொல்லவில்லை. ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி, என்பதே நேயர்கள் அறிந்த பெயர். ஒரு தட்டு முடியுமுன் அடுத்ததை அதன் தாளத்தோடு பொருத்தி, அது நிலைகொள்ளுமுன் மூன்றாவதைக் கொணர்ந்து, சில நிமிடங்களுக்குள் பல தட்டுகளைக் கலந்து தந்த அவர் கைவேகத்தை அந்நகரத்து இளைஞர் இரவுதோறும் காத்திருந்து கேட்டனர். முகமும் இல்லை, உருவும் இல்லை, இருட்டறையில் ஒலி ஒன்றே. இந்த நிலையை அவர் பிற்காலத்திலும் கைவிடவில்லை என்பதை இனிக் காண்போம்.

1990ஆம் ஆண்டளவில், மைக் பாங்ஸ் என்னும் இசைஞரோடு சேர்ந்து ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்ரன்ஸ்’ என்னும் குழுவை அவர் அமைத்தார். ‘நிலத்தடி எதிர்ப்பு’ என்பது அதன் பொருள். ரொபேட் ஹூட் என்பவரும் அதிலே இணைந்தார். பெரிய நிறுவனங்களின் தயவை நாடாது தம் இசைத்தட்டுகளைத் தாமே வெளியிடுவது அவர்கள் கொள்கை. ஒளிப்படங்களிலே முகத்தை மறைத்துக்கொண்டனர். இசையை விற்க முகம் வேண்டாம். இசையே பேசட்டும் என்பது அதன் கருத்து. 1992இல் இவர்கள் மூவரும் சனிக்கோளின் வளையங்களைப் பொருளாகக் கொண்டு ஓர் இசைத்தட்டை ஆக்கினர். சனியின் வளையங்களும் சந்திரன்களும் அதில் தனித்தனிப் பகுதிகளாக அமைந்தன. இசைத்தட்டும் வட்டம், சனியின் வளையமும் வட்டம் என்பதை எண்ணும்போது அவர்கள் கற்பனை எங்கே பிறந்ததென்பது விளங்கும்.

அவ்வாண்டளவில் மில்ஸ் அக்குழுவினின்று பிரிந்தார். ரொபேட் ஹூட்டோடு சேர்ந்து ‘ஆக்சிஸ்’ என்னும் வெளியீட்டகத்தைத் தொடங்கினார். ஆக்சிஸ் என்றால் அச்சு. எல்லாச் சுழற்சிக்கும் நடுவே அசையாது நிற்பது.

இதே காலத்தில் பேர்லின் நகரம் அவரை வரவேற்றது. 1989 நவம்பரில் அந்நகரைப் பிளந்திருந்த மதில் வீழ்ந்தது. மதிலருகே கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடங்களில் இளைஞர் புகுந்தனர். வேர்தைம் என்னும் பழைய பெருவணிக நிலையத்தின் நிலவறையிலே, துருப்பிடித்த இரும்புப் பெட்டகங்களுக்கு நடுவே, 1991 மார்ச்சு மாதம் ஒரு நடனக்கூடம் திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘ரெசோர்’. பணப்பெட்டகம் என்பது பொருள். கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த இளைஞர் அந்த இருளில் ஒருவரையொருவர் வேறுபாடு காணாது ஆடினர். அக்கூடத்தின் பெயரால் அமைந்த வெளியீட்டகமே, மில்ஸின் ‘வேவ்போம் ட்ரான்ஸ்மிஷன்’ என்னும் தொகுப்பை 1992இல் வெளியிட்டது. உலோகம் உரசுவதுபோன்ற ஒலி, தணியாத அடி, ஒளியற்ற ஒரு பெருவெளி. தொழில் இழந்த ஒரு நகரத்தின் ஒலி, மதில் இழந்த மற்றொரு நகரத்தின் நிலவறையில் வீடு கண்டது. பழைய ரெசோர் 2005இல் மூடப்பட்டது. 2007இல் வேறிடத்தில், பழைய மின்னிலையம் ஒன்றில், மீண்டும் திறக்கப்பட்டது.

இனி அவர் கலையின் நுட்பத்துக்கு வருவோம். தொடக்கத்திற் கூறிய சிக்கிய ஊசியை மறந்துவிடாதீர்கள். இசைத்தட்டின் வரி, வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்வது. அவ்வரியை ஓரிடத்தில் முழு வட்டமாக மூடிவிட்டால், ஊசி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கின்றது. ஆகவே ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அச்சுற்றுக்குள் நான்கு அடிகளை அடக்கினால் நிமிடத்துக்கு 133 அடிகள் ஆகின்றன. இதுவே டெக்னோவின் இயல்பான நடை! தட்டின் சுழற்சியும் தாளத்தின் ஆவர்த்தனமும் ஒன்றாகிவிடுகின்றன. 1994இல் வெளிவந்த ‘சைக்கிள் 30’ என்னும் தட்டில் மில்ஸ் இத்தகைய மூடிய வட்டங்களைப் பதித்தார். வரியை வெட்டிக் கொடுத்தவர் டெற்றோயிற்றின் கைதேர்ந்த தட்டுப் பதிவாளர் றொன் மேர்பி. வேறெங்கும் பழுதென்று தூக்கி எறியப்படுவது இங்கே இசையின் இலக்கணமாயிற்று.

திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பதில் என்ன சுவை என்பீர்கள். முதல் பத்து முறை சலிப்பே தோன்றும். பிறகு செவி கூர்மையடைகின்றது. அடிக்குள் ஒளிந்திருந்த ஒரு சிறு சிலம்பொலி மேலெழுகின்றது. ஒரு துளி மாற்றம் நேர்ந்தாலும் அது பெருநிகழ்ச்சியாகத் தோன்றுகின்றது. 1997இல் வெளிவந்த ‘த பெல்ஸ்’ என்னும் அவருடைய புகழ்பெற்ற ஆக்கத்தில், மணியோசை போன்ற சில சுரங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆயினும் அவை ஒலிக்கத் தொடங்கியவுடன் ஆயிரக்கணக்கானோர் ஒருமித்து ஆரவாரிக்கின்றனர். குறைவாகத் தருபவன் கேட்போனை மிகுதியாகக் கேட்க வைக்கின்றான்.

இயந்திர இசையில் மனிதனுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1983 முதல் ஓரிரு ஆண்டுகள் மட்டுமே ஆக்கிய டி.ஆர். 909 என்னும் தாளக்கருவி மில்ஸின் கையில் என்ன ஆகின்றதென்று பார்த்தோர் இவ்வாறு கேளார். ஓர் ஆவர்த்தனத்துக்கு பதினாறு பொத்தான்கள். வேறு பலர் முன்னரே தாளத்தை அமைத்துக் கருவியை ஓடவிடுவர். இவரோ மேடையில் நின்றபடி, ஓடும் தாளத்தினுள்ளே விரல்களால் அடிகளைச் சேர்த்தும் நீக்கியும் வாசிப்பார். நம்மிடையே தவில் வித்துவானின் விரல்களைக் கண்கொட்டாது நோக்குவோர் உளர் அன்றோ? அத்தகைய நோக்குக்கு உரியது இவ்வாசிப்பும். 1995இல் ரோக்கியோவின் லிகுயிட் றூம் என்னுமிடத்தில், மூன்று சுழல்தட்டுகளைக் கொண்டு அவர் நிகழ்த்திய நிகழ்ச்சி அடுத்த ஆண்டு பதிவாக வெளிவந்தது. பதிவகத்தின் துப்புரவு அதில் இல்லை. கூட்டத்தின் கூச்சலும் கையின் அவசரமும் கலந்தே கேட்கின்றன. இயந்திரத்தின் நடுவே ஒரு மனிதன் வியர்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை அப்பதிவு மறைக்கவில்லை.

ஒரு குறையையும் கூறுதல் நேர்மையாகும். இவரைப் பின்பற்றியோர் பலர் கடுமையை மட்டுமே எடுத்துக்கொண்டனர். கடுமை எளிது, விடாது அடித்தாற் போதும். எதை நீக்குவது, எப்போது நீக்குவது என்னும் தெளிவு அரிது. அத்தெளிவில்லாத இருண்மை வெறும் இருட்டாகவே நின்றுவிடும்.

மில்ஸ் நடனக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. பிரிட்ஸ் லாங் 1927இல் அளித்த ‘மெட்றோபொலிஸ்’ என்னும் பேசாப் படத்துக்கு 2000இல் புதிய இசை அமைத்தார். நிலத்தடியில் இயந்திரங்களோடு போராடும் தொழிலாளரின் கதையை, மோட்டார் நகரத்தில் வளர்ந்தவர் தேர்ந்தது தற்செயலன்று. 2005 ஜூலையில், தென்பிரான்சிலே உரோமர் கட்டிய பொன் து கார் என்னும் நீர்வழிப் பாலத்தின் அருகே, மொன்பெலியே தேசிய வாத்தியக் குழுவோடு தம் ஆக்கங்களை நிகழ்த்தினார். பிரெஞ்சு அரசு கலைக்கும் இலக்கியத்துக்கும் வழங்கும் செவாலியே விருதை 2007இல் பெற்றார். 2018இல், நைஜீரியாவின் பெரும் முரசு வித்துவான் ரொனி அலனோடு சேர்ந்து ஒரு தட்டை வெளியிட்டார். அலன் 2020இல் மறைந்தார். தோல்முரசும் மின்முரசும் அருகருகே அமர்ந்த அந்த ஆக்கம், இவ்விசையின் வேர் எந்தக் கண்டத்தை நோக்கியது என்பதையும் மறந்தோர்க்கு நினைவூட்டுகின்றது.

நேயர்களே, ‘இது இசையா, ஆலையின் இரைச்சலா?’ என்று தொடங்கினோம். ஆலையின் இரைச்சலே இதன் தாய் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஆலையிலே மனிதன் இயந்திரத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டான். இங்கே இயந்திரம் மனிதனுடைய தாளத்துக்குக் கட்டுப்படுகின்றது. தொழிற்சாலைகள் போன பின்பு அந்நகரத்துப் பிள்ளைகள் எஞ்சிய ஓசையை எடுத்துத் தமதாக்கிக்கொண்டார்கள். அந்த ஆக்கத்தில் இருள் அச்சமூட்டுவதற்காக வந்ததன்று. முகத்தையும் பகட்டையும் மறைத்து, செவி ஒன்றையே விழித்திருக்கச் செய்வதற்காக வந்தது.

விளக்கை அணைத்துவிட்டு வானொலியின் அருகே அமர்ந்து கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அவ்விருளில் நாம் எவ்வளவு கூர்ந்து கேட்டோம் என்பதை நாமே அறிவோம். ஒருநாள் இவருடைய இசையும் உங்கள் செவிக்கு எட்டுமாயின், முதல் சலிப்பிலேயே ஊசியைத் தூக்கிவிடாதீர்கள். இன்னும் சில சுற்றுகள் பொறுத்திருந்து கேட்டுப் பாருங்கள்.